பச்சைக் காரின் கடிகாரம்

அந்தக் கார் எங்கள் பட்டறைக்கு வந்த அன்று அங்கே இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். தகர வேலைக்காரர், பர்மியர், இடத்து வாடகையில் பாதி அவர் கொடுப்பார். வாசலில் வெற்றிலை மடித்து விற்கும் அம்மாள். நான். காரை ஓட்டிக்கொண்டு வந்த நானா. பின் சீட்டில் அவர் மனைவி, காரை விட்டு இறங்கவில்லை.

நானா என்பது பேர் இல்லை. கடற்கரை ஊர் முஸ்லிம்கள் அண்ணனை அப்படிச் சொல்வார்கள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அதனால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்றார். நான் ரயில்வேயில் கூலி வேலைக்கு வந்தவர்களின் வழி. அவர் கடை வைத்தவர்களின் வழி. ரங்கூனில் ஒருவருக்கு ஒருவர் பேச அவ்வளவு போதும்.

எங்கள் இடம் மிங்கலா தாங்ஞுன்ட்டில், தண்டவாளத்துக்குப் பின்னால். தகரக் கூரை, மண் தரை. பர்மியர் தகரம் தட்டுவார். நான் காருக்கு வயர் வேலை பார்ப்பேன். வெள்ளைக்காரன் காலத்துக் கார்கள் அப்போது ஊரில் நிறைய ஓடின. புதுக் கார் யாராலும் வாங்க முடியாது. பழசைத்தான் திரும்பத் திரும்ப எழுப்பி ஓட்ட வேண்டும்.

நானாவின் கார் சின்ன இங்கிலீஷ் கார். பச்சை நிறம். தண்ணீர்த் திருவிழா முடிந்து பத்து நாள் இருக்கும், வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் ஐந்து சாமான் சொன்னார். கதவை ஒட்டி இரண்டு பக்கத் தூணிலும் இருக்கும் கைகாட்டி. கூரை விளக்கு. டிக்கி விளக்கு. சிகரெட் பற்றவைக்கும் குமிழ். கடிகாரம். எதையும் மாற்றக் கூடாது, காரோடு வந்ததையே ஓட வைக்க வேண்டும் என்றார்.

தகர வேலைக்காரர் காருக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் பர்மிய மொழியில் சொன்னார். தரையில் இருக்கும் ஓட்டையில் காலை விட்டால் ரோட்டில் நடந்தே போகலாம், இவருக்கு சிகரெட் பற்றவைக்க வேண்டுமாம், என்றார். வெற்றிலைக்கார அம்மாள் சிரித்தாள். நானாவும் சிரித்தார். அவருக்குப் பர்மிய மொழி எங்களைவிட நன்றாக வரும். தான் சிகரெட் பிடிப்பதே இல்லை என்று அந்த மொழியிலேயே பதில் சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பி, “மணியை மொதல்ல பாருங்க தம்பி,” என்றார்.

மணி என்று அவர் சொன்னது கடிகாரத்தை. நான் தலையை ஆட்டினேன். ஆனால் அதைக் கடைசியில்தான் எடுத்தேன். கஷ்டமான வேலையைக் கடைசிக்கு வைப்பது என் பழக்கம். பின் சீட்டில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளுக்கு அந்தக் கடிகாரம் ஓட வேண்டியிருந்தது. அது எனக்கு அன்று தெரியாது.

காரை நானா வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். நான் சாமான்களை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன்.

முதலில் கைகாட்டி. ரயில் கைகாட்டி மாதிரிதான். ஸ்விட்சைத் திருப்பினால் தூணுக்குள்ளிருந்து ஒரு சின்ன கை வெளியே வந்து நீட்டும். வண்டி இந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று அர்த்தம். உள்ளே ஒரு கம்பிச் சுருள், அதற்குள் ஓடும் இரும்புக் குச்சி. கிரீஸ் காய்ந்து கல்லாகி இருந்தது. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப் போட்டேன். கையின் மஞ்சள் கண்ணாடித் தகடு நொறுங்கிப் போயிருந்தது. கடைத்தெருவில் அதே நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சீப்பு கிடைத்தது. அதன் முதுகை அறுத்து, தேய்த்து, வெந்நீரில் வளைத்துப் பொருத்தினேன். எரியவிட்டுப் பார்த்தபோது சீப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

நானா ஒருநாள் விட்டு ஒருநாள் வருவார். சில வாரம் தினமும். மதியத் தொழுகை முடிந்து நடந்தே வருவார். பஸ்ஸிலிருந்து கழற்றிய சீட் ஒன்று சுவர் ஓரம் கிடந்தது, அதில் உட்காருவார். முக்கால் மணி நேரம் இருப்பார். கடைசியில் எழுந்துகொண்டே கேட்பார். “மணி என்னாச்சு தம்பி?” பார்க்கிறேன் என்பேன். “ஆவட்டும்,” என்று போய்விடுவார்.

அவர் பேசினது எல்லாம் சாதாரணப் பேச்சு. கல்யாணமான புதிதில் கியாக்தான் ஊரில் துணிக்கடை வைத்திருந்தது. ஆற்றுக்கு நடுவில் இருக்கும் பகோடாவுக்கு வரும் கூட்டம். சாமான் எடுக்க ரங்கூனுக்கு இந்தக் காரில் வந்து சாயங்காலம் திரும்பிப் போனது. மீன் விலை. மழை. நான் அதிகம் பேசவில்லை. கேட்டேன்.

எனக்கு அது போதுமாக இருந்தது. ஏன் என்று சொல்ல வேண்டும். என் மனைவி செத்து அப்போது ஆறு வருஷம். ஒரே மகள் மலேசியாவில். மாதம் ஒரு தடவை டெலிபோன் கடையில் போய் நின்று அவளிடம் பேசுவேன். அவள் பர்மிய மொழியில் பேசுவாள். தமிழ் கேட்டால் புரியும், வாயில் வராது. தாகேதாவில் என் வீட்டைச் சுற்றிலும் பர்மியர்கள்தான். நல்ல மனிதர்கள். ஆனால் தமிழில் பேச வேண்டுமென்றால் கோவிலுக்குப் போய்ப் பூசாரியிடம் நாலு வார்த்தை பேசுவதுதான். அதுவும் அர்ச்சனைக்கு நட்சத்திரம் சொல்கிற வார்த்தை. ஒரு மனிதன் எதிரில் உட்கார்ந்து மீன் விலையைத் தமிழில் சொல்வது எனக்கு அந்த ஆறு வருஷத்தில் கிடைக்கவில்லை.

கூரை விளக்கு ஒரு மணி நேர வேலை. டிக்கி விளக்கு அரை மணி. இரண்டுக்கும் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். சிகரெட் குமிழுக்குப் பழைய இஸ்திரிப் பெட்டியின் கம்பியைச் சுற்றினேன். சிவந்து வந்தது. நானா அதை மூக்குப் பக்கம் கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தகர வேலைக்காரர் தன் சுருட்டை அதில் பற்றவைத்தார். அறுபது வயதுக் கிழவி மறுபடி வயசுக்கு வந்துவிட்டாள் என்று காரைச் சொன்னார்.

கடிகாரத்தைத் தாகேதாவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். இடத்தில் தூசி அதிகம். ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஜன்னல் ஓரம் வெளிச்சம் நன்றாக இருக்கும்.

அது பேட்டரியில் ஓடும் கடிகாரம், ஆனால் உள்ளே சாவிக் கடிகாரம் மாதிரிதான். ஒரு சின்ன ஸ்பிரிங். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஸ்பிரிங் தளரும்போது இரண்டு முனை ஒன்றை ஒன்று தொடும். உடனே கரண்ட் பாய்ந்து ஒரு தட்டுத் தட்டி ஸ்பிரிங்கை முறுக்கிவிடும். முனைகள் பிரிந்துவிடும். அப்போது டக் என்று சத்தம் வரும். நடுவில் எல்லாம் டிக் டிக்.

கெட்டது எதனால் என்று திறந்ததுமே தெரிந்தது. சுருள் கருகியிருந்தது. எங்கள் ஊரில் இது நடக்கும். கரண்ட் போனால் காரிலிருந்து பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் விளக்குக்கும் டிவிக்கும் கொடுப்போம். எல்லார் வீட்டிலும் இதுதான் வழக்கம். காலையில் திரும்பக் காரில் வைப்போம், பாதி செத்த பேட்டரியாக. காரைத் தள்ளிக் கிளப்பினால் கிளம்பிவிடும். கடிகாரம் அப்படி இல்லை. பேட்டரியில் பலம் இல்லாவிட்டால் அந்தத் தட்டு விழாது. முனைகள் பிரியாது. தொட்டபடியே நிற்கும், கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், சுருள் வெந்துவிடும். வெள்ளைக்காரன் செய்தபோது பேட்டரியை யாரும் வீட்டுக்குள் தூக்கிப் போவார்கள் என்று நினைத்திருக்க மாட்டான்.

பழைய டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து முடி மாதிரிக் கம்பி எடுத்து சுருளைப் புதிதாகச் சுற்றினேன். முனைகளை நகம் தேய்க்கும் அரத்தால் தேய்த்தேன். என் வீட்டு பேட்டரியில் கொடுத்தேன். அந்தக் காரில் பிளஸ்தான் பாடிக்குப் போகும், மற்றக் கார்களுக்குத் தலைகீழ். அதையும் பார்த்துக் கொடுத்தேன்.

ஓடியது.

கையைக் கழுவிவிட்டு வந்து சோறு போட்டுச் சாப்பிட்டேன். டிக் டிக் என்று கேட்டது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு டக். அடுத்த அறையில் யாரோ வெங்காயம் நறுக்கி, கத்தியை வைத்து, மறுபடி எடுப்பது மாதிரி இருந்தது. என் வீட்டில் அடுத்த அறை இல்லை. ஒரே அறைதான்.

திங்கட்கிழமை அதைக் கொண்டுபோகவில்லை.

நானா வந்தார். உட்கார்ந்தார். பேசினார். எழுந்தபோது கேட்டார், “மணி என்னாச்சு தம்பி?” கம்பி கிடைக்கவில்லை என்றேன். ஆவட்டும் என்றார்.

பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்குத் தெரியாது. கணக்கு எளிதாக இருந்தது. மற்ற நாலு சாமானும் முடிந்து காரில் ஏறிவிட்டன. கடிகாரத்தைக் கொடுத்தால் அவருக்கு இங்கே வர வேலை இல்லை. இன்னும் நாலு நாள் போகட்டும் என்று நினைத்தேன். நாலு நாள் போனதும் இன்னும் நாலு நாள். அவர் வந்துகொண்டுதான் இருந்தார். அந்த வாரங்களில் தினமும் வந்தார். என்னோடு பேசப் பிடித்துப்போய் வருகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு இரண்டு பக்கமும் லாபம்.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை நானா வரவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் நேரமாகும் என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமையும் வரவில்லை. ஞாயிறு எங்களுக்கு லீவு. திங்கட்கிழமை நான் வேலையை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தபடி இருந்தேன். வெற்றிலைக்கார அம்மாள் கேட்டாள், பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருப்பது போல என்ன அப்படிப் பார்க்கிறாய் என்று. செவ்வாய்க்கிழமை குடையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டைத் தேடிப் போனேன். தண்டவாளத்தைத் தாண்டி இரண்டாவது சந்து. கையில் கடிகாரம் இல்லை. அது தாகேதாவில் ஓடிக்கொண்டிருந்தது.

கார் வீட்டு வாசலில் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே நின்றது. நானா மழையில் வெளியே நின்றுகொண்டிருந்தார். கார்க் கதவைக் கையால் பிடித்திருந்தார். உள்ளே இடது பக்க முன் சீட்டில் அவர் மனைவி. வலது காலில் பாதம் முழுக்கக் கட்டு. ஈரத்தில் கட்டு பழுப்பாக இருந்தது. அந்தக் காரில் கடிகாரம் இடது சீட்டுக்கு நேர் எதிரே இருக்கும். நான் கழற்றிய இடத்தில் வட்டமாக ஓட்டை. அந்த அம்மாள் இரண்டு விரலை அந்த ஓட்டைக்குள் விட்டுத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, வண்டி நின்னுருச்சா?” என்று நானாவிடம் கேட்டார்.

“ஓடுது. ஓடுது. நீ உக்காரு,” என்றார் நானா.

அந்த அம்மாள் நம்பவில்லை. கதவைத் தள்ளினார். நானா விடவில்லை. இது நான் நின்று பார்க்கும்போதே மூன்று தடவை நடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வந்து அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் நானா என்னிடம் வந்தார்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று வருஷமாக அந்த அம்மாளுக்கு ஞாபகம் தப்பிப் போயிருந்தது. மதியம் ஆனால் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்று புறப்படுவார். எந்த வீடு என்றால் கியாக்தான் வீடு. முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே விட்டது. நானா அவரைக் காரில் உட்கார வைப்பார். எதிரே கடிகாரம். அது நகர்ந்தால் வண்டி போகிறது என்று அவருக்கு நினைப்பு. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே சும்மா இருப்பார். பிறகு வந்துவிட்டோம் என்று சொல்லி இறக்கினால் சாப்பிட்டுத் தூங்குவார். கடிகாரம் நின்றதிலிருந்து அவர் காரில் இருப்பதில்லை. வேறு கடிகாரம் வைத்துப் பார்த்தாராம். இது நம் வண்டி இல்லை என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாராம். அதனால்தான் அந்த மற்ற சாமான்கள். கைகாட்டி, விளக்கு, எல்லாம். எதைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வரும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் பழையபடி வைக்கச் சொன்னாராம்.

வெள்ளிக்கிழமை நானா தொழுகைக்குப் போன நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறாள். அந்த அம்மாள் செருப்பு இல்லாமல் இறங்கி நடந்திருக்கிறார். தண்டவாளத்து ஜல்லியில் காலைக் கிழித்துக்கொண்டு, பசுண்டாங் கால்வாய்ப் பாலம் வரை. மறுநாள் காலையில்தான் கிடைத்தார். உடம்பில் சர்க்கரை வேறு.

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. “தெனம் வந்தீங்களே நானா. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“வேல செய்யிறவங்கள அவசரப்படுத்தலாமா தம்பி? எனக்கு ஆனாடெயா இருந்துச்சு.”

ஆனாடெ பர்மியச் சொல். அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூச்சப்படுவது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வேறு ஏதாவது பேசிவிட்டுப் போவது. இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான். எதிரில் இருக்கிறவன் புரிந்துகொள்ள வேண்டும். அந்த வார்த்தை எனக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். அவர் தமிழில் பேசியதால் அது எனக்குத் தோன்றவில்லை.

அவர் என்னோடு பேச வரவில்லை. கடிகாரத்துக்காக வந்தார்.

பஸ் பிடித்துத் தாகேதா போனேன். பாலத்தில் நெரிசல். கடிகாரத்தைப் பேட்டரியிலிருந்து கழற்றியபோது ஸ்பிரிங்கில் இருந்த மிச்சத்தில் ஒரு நிமிடம் ஓடி நின்றது. துண்டில் சுற்றி மடியில் வைத்துத் திரும்பி வந்தேன். இருட்டவில்லை இன்னும். மழை விட்டிருந்தது. பிளஸ் எது, மைனஸ் எது என்று இரண்டு தடவை பார்த்துப் பொருத்தினேன். பேட்டரியில் பலம் இருக்கிறதா என்று பார்த்தேன். நேரத்தைச் சரியாக வைத்தேன். டக் என்று தட்டு விழுந்தது.

அந்த அம்மாள் தலையைத் தூக்கினார். பார்த்தார். கதவிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இருட்டுறதுக்குள்ள போயிரலாமா?” என்றார்.

நானா அந்தப் பக்கம் போய் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். போயிரலாம் என்றார். பிறகு எதையோ நினைத்தவர் மாதிரி ஸ்விட்சைத் திருப்பினார். தூணிலிருந்து கைகாட்டி வெளியே வந்து நீட்டியது. சீப்பு மஞ்சளாக எரிந்தது.

நான் ஜன்னல் பக்கம் போனேன். சொல்லாமல் போகலாம் என்றும் நினைத்தேன். சொன்னேன். “நானா, இது ரொம்ப நாளா ஓடுது. எங்கிட்டதான் இருந்துச்சு. நாந்தான் கொண்டாரல.”

அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். டக் கேட்டது.

“சரி தம்பி,” என்றார். “இப்ப ஓடுதுல்ல.”

ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் என் வீட்டு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தேன். வீட்டு விளக்குக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள், காரில் இருப்பதைத் தொடாதீர்கள், பலம் குறைந்தால் கடிகாரம் வெந்துவிடும் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டார். நான் மெழுகுவர்த்திக்கு மாறினேன். ஒருவனுக்கு என்ன வெளிச்சம் வேண்டும்.

அதன் பிறகு அவர் எங்கள் இடத்துக்கு வரவில்லை. நானும் அந்தச் சந்துக்குப் போகவில்லை. பஸ் சீட் சுவர் ஓரம் கிடந்தது. தகர வேலைக்காரர் அதில் மதியம் தூங்க ஆரம்பித்தார்.

கால் ஆறவில்லை என்று கேள்விப்பட்டேன். முதலில் இரண்டு விரலை எடுத்தார்களாம். பிறகு முழங்கால் வரை. குளிர்காலத்தில் ஒரு நாள் சைக்கிள் ரிக்ஷாக்காரர் ஒருவர் என் பேட்டரியைக் கொண்டுவந்து இறக்கினார். துடைத்து, மேலே எண்ணெய் தடவி, முழுக்க சார்ஜ் ஏற்றி இருந்தது. கொடுத்தவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். அம்மாளை அடக்கம் செய்து ஒரு வாரம் ஆகிறது, இனி தேவை இல்லை, நன்றி சொல்லச் சொன்னார், என்றார்.

வேலை முடிந்த நாளைப் பட்டறைக் காலண்டரில் பென்சிலால் கோடு போடுவது என் பழக்கம். கடிகாரம் ஓடிய ஞாயிற்றுக்கிழமைக்கும் கை தானாகவே கோடு போட்டிருந்தது. அந்தக் காலண்டரை நான் கிழிக்கவில்லை. இடத்தைக் காலி செய்தபோது சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெரிய புயலில் கூரை பறந்தபோது நனைந்து காய்ந்தது, ஆனால் பென்சில் அழியவில்லை. அந்தக் கோட்டுக்கு அடுத்த நாளிலிருந்து கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்த செவ்வாய்க்கிழமை வரை கட்டங்களை எண்ணியிருக்கிறேன். பல தடவை எண்ணியிருக்கிறேன்.

இருபத்திமூன்று.